ஈஸ்வரி தண்ணீர் குடிக்காத சனிக்கிழமைகள்

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் ஈஸ்வரி தண்ணீர் குடிக்க மாட்டாள். சோற்றுக்கு ரசம் ஊற்றிக்கொள்ள மாட்டாள். மோரும் வேண்டாம் என்பாள். நாலு மணிக்குக் கணவன் பொன்னுராஜ் டீ போட்டுக் கொடுத்தால் இரண்டு மடக்கு குடித்துவிட்டு, அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் மிச்சத்தை வாசல் முருங்கை மரத்தடியில் கொட்டிவிடுவாள்.

அன்றும் அப்படித்தான். சோழபுரத்தில் அவர்கள் வீட்டு வாசலில் பழைய ஆம்னி வேன் பின்கதவைத் திறந்தபடி நின்றது. பொன்னுராஜ் கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் லாரி ஓட்டியவன். வண்டி கிளம்புமுன் பட்டியல் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் பழக்கம், ஓய்வு பெற்று வந்து கிருஷ்ணன்கோவில் கல்லூரிப் பேருந்து ஓட்டும் இந்த நாளிலும் அவனை விட்டுப் போகவில்லை.

“ஸ்டெப்னிக்குக் காத்து பாத்தாச்சு. கேஸ் அடுப்பு இருக்கு. கொசுவலை, டார்ச்சு, மருந்து டப்பா, குப்பைக்குச் சாக்கு. தண்ணி கேன் ரெண்டு.” காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். “ஏட்டி ஈஸ்வரி, வேற ஏதாச்சும் விட்டுப் போச்சா?”

ஈஸ்வரி ஒரு கணம் அவனைப் பார்த்தாள்.

“ஒண்ணும் விட்டுப் போகல. கெளம்புங்க” என்றாள்.

அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். அவன் ராணுவத்தில் இருந்தவரை, சேர்த்து வைத்துப் பார்த்தால் ஐந்து வருஷம்கூட ஒன்றாக இருந்ததில்லை. அவன் லீவில் வருவான், போவான். மகனைப் படிக்கவைத்ததும் மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் ஈஸ்வரிதான். பொன்னுராஜ் ஒரேயடியாக ஊர் திரும்பியபோது மகன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை. சாப்பாடு ஆச்சா, மாத்திரை போட்டாச்சா என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்போதுதான் யாரோ காருக்குள்ளேயே படுத்து ஊர் சுற்றுகிற வீடியோவைப் பொன்னுராஜ் போனில் பார்த்தான். உடனே வேனின் பின் சீட்டுகளைக் கழற்றினான். பலகை அடித்து, மேலே மெத்தை போட்டு, கீழே சாமான் வைக்க அறைகள் செய்தான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் மலையடிவாரத்துக்குக் கிளம்பினார்கள்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் மேற்கே திரும்பும் ஒரு மண்பாதை அது. மாந்தோப்புகளைத் தாண்டினால் ஒரு சின்னக் கண்மாய். அதற்கு அப்பால் காட்டு எல்லைக் கல். முதல் நாளே வனக்காவலர் ஒருவர் பைக்கை நிறுத்தி விவரம் சொல்லிவிட்டுப் போனார்.

“கல்லுக்கு அங்கிட்டு புலிகள் காப்பகம் சார். வண்டியும் போகக் கூடாது, ஆளும் தங்கக் கூடாது. கண்மாய்க் கரைக்கு இங்கிட்டு புறம்போக்கு. தோப்புக்காரர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு நில்லுங்க. வெறகு மட்டும் எரிக்காதீங்க. காத்தடிச்சா ஒரு பொறி போதும்.”

அவர் சொன்னபடியே பொன்னுராஜ் நடந்துகொண்டான். எல்லைக் கல் பக்கம் போகவே மாட்டான். கேஸ் அடுப்பில்தான் சமையல். கிளம்பும்போது பழைய சிகரெட் அட்டை கிடந்தால்கூடப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொள்வான். சமையலும் அவனேதான். ஈஸ்வரி கரண்டியைத் தொட்டால் பிடுங்கிக்கொள்வான்.

“நீ அங்க உக்காரு. இருபத்தஞ்சு வருஷம் ஆக்கிப் போட்டது போதும்.”

ஈஸ்வரி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து மலையைப் பார்ப்பாள். மேகம் உச்சியிலிருந்து மெல்ல இறங்கும். மயில் அகவும். முட்டைக் குழம்பு கொதிக்கும் வாசனையோடு பொன்னுராஜ் லடாக் பனியில் வண்டி சிக்கிய கதையைச் சொல்வான். அவளும் சொன்னாள். மாமியாரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மழை நாள், ஓடு மாற்ற ஆள் கிடைக்காமல் தானே கூரையில் ஏறியது, இறங்கத் தெரியாமல் ஒரு மணி நேரம் மேலேயே உட்கார்ந்திருந்தது என்று கடிதத்தில் எழுதாதவற்றையெல்லாம் சொன்னாள். பொன்னுராஜ் கண்ணில் நீர் வரச் சிரித்தான். தன் பேச்சைக் கேட்டு இந்த மனுஷன் இப்படிச் சிரிப்பான் என்று ஈஸ்வரிக்கு அதுவரை தெரியாது.

அந்தச் சாயங்காலத்துக்காக அவள் வாரம் முழுவதும் காத்திருப்பாள். ஆனால் அதில் ஒரே ஒரு முள் இருந்தது.

முதல் பயணத்தில், பொழுது புலரும் முன்னே அவள் ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு கருவேலம் புதருக்குப் பின்னால் போனாள். உட்கார்ந்ததுதான் தாமதம், பாதை வளைவில் ஒரு பைக் திரும்பியது. பால் கேன் கட்டிய வண்டி. விளக்கு வெளிச்சம் நேராக அவள் மேல் விழுந்தது. பதறி எழுந்து சேலையை இறக்கிவிட்டுக்கொண்டாள். பைக்கில் வந்தவன் வேகத்தைக் குறைத்து, திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். உடம்பெல்லாம் கூசிப்போய், போன காரியம் முடியாமலே அவள் திரும்பி வந்தாள்.

செத்த நேரம் கழித்துப் பொன்னுராஜ் எழுந்தான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பாட்டிலை ஆட்டியபடி புதர்ப் பக்கம் போனான். முகம் மலரத் திரும்பி வந்தான்.

“காத்தாட எம்புட்டு நல்லா இருக்கு தெரியுமா” என்றான்.

வீடு வந்து சேரும்போது மணி பதினொன்று. ஈஸ்வரி செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைப்புறம் ஓடினாள். அடுத்த வாரத்திலிருந்து இரண்டு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ‘அப்ப இனி போக வேண்டாம்’ என்பான். அதோடு சிரிப்பும் போய்விடும், பேச்சும் போய்விடும். அதற்கு இது பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறாவது சனிக்கிழமையான அன்று சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. கண்மாய்க் கரையில் நின்றபோதே ஈஸ்வரிக்கு நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியது. பொன்னுராஜ் தண்ணீர் நீட்டினான். வாங்கி வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். ஞாயிற்றுக்கிழமை வீடு வந்தபின் சிறுநீர் கழிக்கும்போது தீயாய் எரிந்தது. சூடு பிடித்திருக்கிறது என்று சீரகத் தண்ணீர் வைத்துக் குடித்தாள். திங்கட்கிழமை இடுப்புக்கு மேலே வலி. யாரிடமும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் பொன்னுராஜ் வேலைக்குக் கிளம்பும்போது அவள் இரண்டு போர்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். தொட்டுப் பார்த்தான். உடம்பு கொதித்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தான். ரத்தமும் சிறுநீரும் சோதித்துவிட்டு, கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கிறது, நாலு நாள் இங்கேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். டிரிப்ஸ் ஏற்ற வந்த நர்ஸ் செல்வலட்சுமி, ஊசியைப் பொருத்தியபடியே கேட்டாள்.

“தண்ணி நல்லா குடிப்பீகளாக்கா?”

பக்கத்தில் நின்ற பொன்னுராஜ் முந்திக்கொண்டான். “அதெல்லாம் குடிப்பா சிஸ்டர். வெளிய போனாக்கூட வண்டியில ரெண்டு கேன் தண்ணி வச்சிருப்பேன்.”

“கேன்ல இருக்கறது இருக்கட்டும்ணே. அவிய குடிச்சாகளா?”

பொன்னுராஜ் ஈஸ்வரியைப் பார்த்தான். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“குடிச்சா எங்கயாச்சும் போகணும்ல” என்றாள்.

செல்வலட்சுமிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். மதியம் இரண்டு மணியிலிருந்து மறுநாள் பதினொரு மணி வரை என்றதும், எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

“அண்ணே, உங்கள மட்டும் சொல்லுதேன்னு நெனைக்காதீங்க. ஜவுளிக்கடையில நிக்கிற பிள்ளைக, களையெடுக்கப் போறவுக, தூர பஸ்ஸுல போறவுகன்னு மாசம் தவறாம வாராக. ஒருத்தியும் வீட்டுல சொல்லியிருக்க மாட்டா. தண்ணி குடிக்காம இருந்து, வந்தத அடக்கிக்கிட்டும் இருந்தா கிருமி சும்மா விடுமா?”

பொன்னுராஜ் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். சட்டைப் பையில் கை தானாகப் போனது. பட்டியல் அங்கேயே இருந்தது. ஸ்டெப்னிக்குக் காற்று இருக்கிறதா என்று ஆறு வாரமும் பார்த்திருக்கிறான். ராணுவத்தில் நாற்பது லாரி வரிசையாகப் போகும். எல்லாரும் ஆண்கள். நினைத்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டி இறங்குவார்கள். அதனால் இப்படி ஒரு வரி பட்டியலில் வர வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றியதில்லை. காத்தாட இருக்கிறது என்று அவளிடமே வந்து சொன்னது ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

நாலு நாள் கழித்து வீடு திரும்பினார்கள். மறுநாள் பார்க்க வந்தார்கள் குருசாமியும் அவன் மனைவி வெள்ளத்தாயும். குருசாமி பொன்னுராஜோடு ராணுவத்தில் ஒரே யூனிட்டில் இருந்தவன். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீடு.

“ஆம்னிய வித்துரலாம்னு இருக்கேன்” என்றான் பொன்னுராஜ். “ராஜபாளையத்துல ஒருத்தர் கேட்டிருக்காரு. நாளைக்குப் பாக்க வாராரு. இவ ஒடம்புக்கு மேல என்ன பெரிய மலை. இனி எங்கயும் போக வேண்டாம்.”

“நல்ல முடிவுப்பா” என்றான் குருசாமி. “பொம்பளயாளுகளுக்கு இதெல்லாம் ஒத்து வராது. இவளயே பாரு, எங்க கூப்புட்டாலும் வீட்டுல சோலி கெடக்குன்னுதான் சொல்லுவா. வெளிய தெருவுக்குப் போறதே பிடிக்காது.”

கட்டிலில் படுத்திருந்த ஈஸ்வரி எழுந்து உட்கார்ந்தாள். தலை சுற்றியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“வண்டிய விக்கச் சொன்னது யாரு?”

“உனக்காகத்தானட்டி.”

“எட்டாம் வகுப்பு படிக்கைல எங்க பள்ளிக்கூடத்துல பொம்பளப் பிள்ளைகளுக்குக் கக்கூசு கெடையாது. பெரியவளானதும் எங்கய்யா வாத்தியார்ட்ட போயி ஒரு கக்கூசு கட்டுங்கன்னு கேக்கல. என்னைய நிறுத்திட்டாக. அவிய கெட்டவுக இல்ல. எம்மேல உள்ள பாசத்துலதான் நிறுத்துனாக. இப்ப நீங்களும் பாசத்துலதான் வண்டிய விக்கப் போறீக.”

குரல் உயரவில்லை. ஆனால் பொன்னுராஜ் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

“ஒரு எடத்துல பொம்பளைக்கு வசதி இல்லன்னா, வசதியச் செய்யணும்னு யாருக்கும் தோண மாட்டேங்குது. பொம்பளய வீட்டுல நிறுத்திருங்கன்னுதான் தோணுது. எனக்கு அந்த எடம் பிடிச்சிருக்கு. உங்க கூட உக்காந்து பேசுறது பிடிச்சிருக்கு. அதுக்காகத்தான் வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன். அதயும் எடுத்துட்டா எனக்கு என்ன மிச்சம்?”

வெள்ளத்தாய் சேலைத் தலைப்பைத் திருகியபடி மெதுவாகச் சொன்னாள்.

“எனக்கும் அதே சங்கடந்தான். வேன் பிடிச்சுப் பத்துப் பேரு போகைல, எனக்கு எறங்கணும்னு எப்படிச் சொல்ல? சோலி கெடக்குன்னு சொல்லிருவேன்.”

குருசாமி மனைவியைத் திரும்பிப் பார்த்தான். பொன்னுராஜ் போட்டுக் கொடுத்த காப்பியை ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தான்.

வண்டி பார்க்க வருவதாக இருந்தவரைப் பொன்னுராஜ் அன்று சாயங்காலமே போனில் கூப்பிட்டு, விற்கவில்லை என்று சொல்லிவிட்டான். அடுத்த பதினைந்து நாள் வேலை முடிந்து வந்ததும் கொல்லைப்புறத்தில் அறுப்பதும் கட்டுவதுமாக இருந்தான். பிளாஸ்டிக் குழாயில் ஆள் உயரத்துக்கு நாலு கால் சட்டம் செய்தான். சுற்றிலும் தார்ப்பாய். உள்ளே ஒரு பழைய நாற்காலியின் நடுவில் வட்டமாக அறுத்து, அடியில் மூடி போட்ட வாளியைப் பொருத்தினான். நாற்றம் வராமலிருக்கத் தூவுவதற்கு ஒரு டப்பாவில் தேங்காய் நார்த்தூள். மறுநாள் வாளியை வீட்டுக்குக் கொண்டுவந்து வீட்டுக் கழிப்பறையில் கொட்டிவிடலாம். கண்மாய்த் தண்ணீரை ஆடுமாடு குடிக்கிறது, அங்கே எதையும் விட்டுவரக் கூடாது என்பதில் அவன் உறுதியாக இருந்தான்.

இருட்டத் தொடங்கிய நேரத்தில் கொல்லையில் நிறுத்தி ஈஸ்வரியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

“டார்ச்ச எடுத்துக்கிட்டு நீங்க உள்ள போங்க” என்றாள்.

போனான். விளக்கைப் போட்டான்.

“சொவத்துல படம் காட்டுன மாதிரி இருக்கு. நீங்க மூக்கச் சொறியறது வரைக்கும் தெரியுது.”

பொன்னுராஜ் அவசரமாக மூக்கிலிருந்து கையை எடுத்தான். வெளியே அவள் சிரிப்பது கேட்டது. மறுநாள் உள்பக்கம் கறுப்புத் துணியில் இன்னொரு சுற்று தைத்தான். சேலையை மாட்ட ஒரு கொக்கி வேண்டும் என்றாள். மாட்டினான். வாசல் வண்டிக் கதவைப் பார்த்து இருக்க வேண்டும், பாதையைப் பார்த்து இருக்கக் கூடாது என்றாள். மாற்றினான். உள்ளிருந்து போட்டுக்கொள்ள ஒரு கொண்டி கேட்டாள். அதையும் போட்டான்.

“இன்னொண்ணு” என்றாள் கடைசியாக. “இதுல நீங்களும்தான் போகணும். கண்மாய்க் கரை உங்களுக்கு மட்டும் என்ன?”

பொன்னுராஜுக்கு அதுவும் நியாயமாகவே பட்டது.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, ஆனி மாதச் சாரல் நாளில் மறுபடி கிளம்பினார்கள். இந்த முறை பின்னாலேயே குருசாமியின் காரும் வந்தது. முன் சீட்டில் வெள்ளத்தாய் உட்கார்ந்திருந்தாள். கண்மாய்க் கரைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பொன்னுராஜ் சட்டத்தை நிறுத்தித் தார்ப்பாயைக் கட்டினான். அடுப்பைப் பிறகுதான் எடுத்தான்.

மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. மெல்லிய தூறல் விழுந்தும் விழாமலும் இருந்தது. பெண்கள் இருவரும் நாற்காலிகளைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெள்ளத்தாய்க்கு ஊர்க்கதை நிறையத் தெரிந்திருந்தது. நடுவில் ஈஸ்வரி எழுந்து வந்து, கேனைச் சாய்த்து ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் பிடித்தாள். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொரு சொம்பு பிடித்து வெள்ளத்தாய்க்குக் கொண்டுபோனாள். பொன்னுராஜ் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தண்ணீர் குடிப்பதைப் பார்க்க அவனுக்கு அப்படி ஒரு நிம்மதியாக இருந்தது.

குருசாமி பாறை மேல் ஏறி நின்று போனில் யூனிட் நண்பன் இம்மானுவேலோடு பேசிக்கொண்டிருந்தான்.

“அடுத்த வாரம் நீயும் குடும்பத்தக் கூட்டிட்டு வந்துருப்பா. காசு கெடையாது, ரூம் போட வேண்டியதில்ல. எல்லாமே ஃப்ரீ. வந்தமா வண்டிய நிப்பாட்டுனமான்னு இருக்கு.”

“பூராத்தையும் சொல்லு குருசாமி” என்றான் பொன்னுராஜ்.

“எதப்பா?”

“நாமளும் இத்தன வருஷம் அப்படித்தான நெனச்சிக்கிட்டு இருந்தோம். ஆம்பள நெனச்ச எடத்துல வண்டிய நிப்பாட்டிட்டா அது எல்லாருக்கும் உள்ள எடம்னு ஆயிராது. காடோ கடையோ பள்ளிக்கூடமோ, அங்க ஒரு பொம்பள பயமில்லாம வயிறு நெறையத் தண்ணி குடிக்க முடியணும். அப்பத்தான் அது எல்லாருக்கும் உள்ள எடம். முடியலன்னா, அவள வர வேண்டாம்னு சொல்றது தீர்வு இல்ல. அவளுக்கு வேண்டியதச் செஞ்சு வைக்கணும். நாம கேக்காம அவிய சொல்ல மாட்டாக. அதனால மொதல்ல கேக்கச் சொல்லு.”

குருசாமி போனைக் காதில் வைத்து, அவன் சொன்னதை அப்படியே ஒப்பித்தான். இம்மானுவேல், வீட்டில் கேட்டுவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னான்.